எல்லாம் நியமத்துக்குள், மீன் மட்டும் மிதக்கிறது

கேள்வி: மட்டக்குளியில் எங்கள் ஒழுங்கைக்குப் பின்னால் ஒரு வாய்க்கால் ஓடுகிறது. அதன் மேல்பக்கத்தில் துணிக்குச் சாயம் போடும் இடம் ஒன்று, வாகனம் கழுவி சேர்விஸ் செய்யும் இடங்கள் இரண்டு, பழைய பற்றறி வாங்கும் கடை ஒன்று, அப்புறம் நூற்றுக்கணக்கான வீடுகள். மழை பெய்து ஓய்ந்த மறுநாள் காலையில் மீன்கள் செத்து மிதக்கின்றன. இந்த வருடம் மூன்று தடவை நடந்துவிட்டது. ஒழுங்கைக்காரர் எல்லோருமாகக் காசு சேர்த்து, தண்ணீரை ஓர் ஆய்வுகூடத்தில் கொடுத்துப் பார்த்தோம். 14 பரிசோதனைகள், பதினான்கும் நியமத்துக்குள் என்று அறிக்கை வந்தது. அதைப் பார்த்த அதிகாரி, "பிறகென்ன, தண்ணீரில் பிழை இல்லையே" என்கிறார். அறிக்கை சரியென்றால் மீன் ஏன் சாகிறது? எங்கள் பிள்ளைகள் அந்தக் கரையில்தான் விளையாடுகிறார்கள். சிலர் அங்கே கங்குங் பிடுங்கிச் சமைக்கிறார்கள். நான் எதை நம்புவது?

ஓய்வுபெற்ற ஆசிரியை, மட்டக்குளி

பதில்:

அன்புள்ள டீச்சர்,

இரண்டையும் நம்புங்கள். அறிக்கையும் பொய் சொல்லவில்லை, மீனும் பொய் சொல்லவில்லை. அறிக்கையிடம் கேட்ட கேள்வி ஒன்று, மீன் பதில் சொன்ன கேள்வி இன்னொன்று.

அறிக்கையின் நகலை அனுப்பியது நல்லதாகப் போயிற்று. முதலில் என் கண்ணில் பட்டது மாதிரி எடுத்த நேரம். காலை 11 மணி, மழை பெய்து ஒன்பது நாளைக்குப் பிறகு. மீன் செத்தது மழைக்கு மறுநாள் விடியற்காலையில். திருடன் வந்துபோய் ஒன்பது நாள் கழித்து வீட்டைப் பூட்டிப் பார்த்த மாதிரித்தான் இது. ஓடும் தண்ணீர் யாருக்காகவும் நிற்காது. இதில் உங்கள் பிழை ஒன்றுமில்லை, எப்போது எடுக்க வேண்டும் என்று யாரும் உங்களுக்குச் சொல்லவில்லை.

ஆனால் மழைக்கு மறுநாளே எடுத்திருந்தாலும் பதினான்கும் நியமத்துக்குள் வந்திருக்கலாம், மீனும் செத்திருக்கலாம். உங்கள் கேள்வியில் எனக்கு முக்கியமாகப் படுவது அதுதான். கழிவுநீரைச் சோதிக்கும் வேலையில் இத்தனை வருடம் இருந்தும், இதைப் புரியவைப்பதற்குத்தான் நான் அதிகம் பாடுபட்டிருக்கிறேன்.

ஒரு நியமம் எப்படி உருவாகிறது என்று பாருங்கள். சுத்தமான தண்ணீரில் ஒரே ஓர் இரசாயனத்தைக் கலக்கிறார்கள். அதில் மீனையோ, பாசியையோ, டாப்னியா என்ற கடுகளவு நீர்த்தெள்ளையோ விட்டுப் பார்க்கிறார்கள். எந்த அளவில் பாதிப்புத் தொடங்குகிறதோ அதைக் கண்டுபிடித்து, பாதுகாப்புக்காக 10ஆலோ 100ஆலோ 1000ஆலோ வகுக்கிறார்கள். நீர்வாழ் உயிர்களுக்கான எல்லை இப்படித்தான் வருகிறது. நேர்மையான முறைதான், குறை சொல்லமாட்டேன். ஆனால் அந்த ஒரு பொருள் தண்ணீரில் தனியாக இருக்கிறது என்பது அதற்குள் ஒளிந்திருக்கும் நிபந்தனை. உங்கள் வாய்க்காலில் எதுவும் தனியாக இல்லை.

வீட்டில் கறி கொதிக்கும்போது அம்மா ஒரு கரண்டி உப்புப் போடுகிறார். மகள் வந்து ருசி பார்த்து அரைக் கரண்டி போடுகிறாள். பெரியம்மா எட்டிப் பார்த்து இன்னும் அரைக் கரண்டி போடுகிறார். மூவரையும் தனித்தனியாக விசாரித்தால் மூவரும் அளவாகத்தான் போட்டிருப்பார்கள். கறியை வாயில் வைக்க முடியாது.

உங்கள் அறிக்கையை எடுத்து ஒவ்வொரு எண்ணையும் அதற்குரிய எல்லையால் வகுத்தேன். செப்பு எல்லையில் 40 சதவீதம், நாகம் 35, குரோமியம் 30, ஈயம் 25, நிக்கல் 20, பீனோல் வகை 40. எதுவும் பாதியைக்கூடத் தொடவில்லை. கூட்டிப் பாருங்கள்: 190. அதாவது, இவை எல்லாம் ஒரே திசையில் வேலை செய்தால், எல்லையைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. இப்படிக் கூட்டிப் பார்க்கும் யோசனை புதிதல்ல. லோவே, மியூஷ்னெக் என்ற இருவர் 1926இலேயே இதற்கு அடிப்படை போட்டுவிட்டார்கள். லண்டனில் 2002இல் வெளியான ஓர் ஆய்வில், பெண் ஹோர்மோனைப் போல மெல்லிதாக நடந்துகொள்ளும் எட்டு இரசாயனங்களை எடுத்து, தனித்தனியே எந்தப் பாதிப்பும் தெரியாத அளவில் சேர்த்துப் பார்த்தார்கள். சேர்ந்தபோது பாதிப்புத் தெளிவாகத் தெரிந்தது. எட்டுச் 'சும்மா'க்கள் சேர்ந்து ஒன்றாகிவிட்டன.

நான் போட்ட கணக்கு முரட்டுக் கணக்கு என்பதையும் சொல்லிவிட வேண்டும். நான் வகுத்தது தொழிற்சாலைக் கழிவுநீருக்கான வெளியேற்ற நியமத்தால். சரியாகச் செய்வதென்றால் ஒவ்வோர் உயிரினத்துக்கும் அந்தப் பொருள் நஞ்சாகும் அளவால் வகுத்து, மீனுக்கு வேறாக, நீர்த்தெள்ளுக்கு வேறாக, பாசிக்கு வேறாகக் கூட்ட வேண்டும். அப்படிச் செய்தால் விடை பெரும்பாலும் இன்னும் மோசமாகத்தான் வரும். செப்பையே எடுங்கள். குடிநீரில் லீற்றருக்கு 2 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மென்னீரில் அதன் நூறிலொரு பங்கு இருந்தாலே நீர்த்தெள்ளு செத்துப்போகும். மனிதனுக்குப் பாதுகாப்பு என்றால் மீனுக்கும் பாதுகாப்பு என்று நினைப்பது பலரும் செய்யும் தவறு.

வெளியேற்ற நியமத்தில் இன்னொரு வரியும் இருக்கிறது, அதை யாரும் வாசிப்பதில்லை. உள்நாட்டு நீர்நிலைகளில் விடும் கழிவுநீருக்கென்று வர்த்தமானியில் வந்த பொது நியமங்கள், அந்தக் கழிவு குறைந்தது எட்டு மடங்கு சுத்தமான நீரில் போய்க் கலக்கும் என்று வைத்துக்கொண்டு எழுதப்பட்டவை. எட்டு மடங்கு இல்லாவிட்டால் எல்லையையும் அதற்கேற்பக் குறைக்க வேண்டும் என்று அதிலேயே குறிப்பு உண்டு. உங்கள் வாய்க்காலில் எட்டு மடங்கு சுத்தமான நீர் எங்கே இருக்கிறது? மேலேயிருந்து வருவதே இன்னொருவர் விட்ட கழிவு. அடுத்த தடவை அந்த அதிகாரியிடம் போகும்போது, மரியாதையாக இந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள்: "இங்கே எத்தனை மடங்கு கலக்கிறது, சேர்?"

இனிக் கூட்டல் கணக்குக்குள் அடங்காத ஒன்று. அறிக்கையில் அமோனியா இருக்கிறது, எல்லைக்குள். நீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் பி.எச். 8.4, அதுவும் எல்லைக்குள். 6 முதல் 8.5 வரை விடுவார்கள். இரண்டுக்கும் தனித்தனியே சரி அடையாளம் போட்டிருக்கிறார்கள். ஆனால் தண்ணீரில் அமோனியா இரண்டு வேடத்தில் இருக்கும். ஒன்று அமோனியம், மீனுக்கு அவ்வளவு கெடுதி இல்லை. மற்றது மின்னேற்றமில்லாத அமோனியா, செவுள் வழியாக நேரே உள்ளே போய்விடும். எது எவ்வளவு என்பதைப் பி.எச்.தான் தீர்மானிக்கிறது. கொழும்பு வெயிலில் நீர் 30 பாகையில் இருக்கும்போது, பி.எச். 7 என்றால் நஞ்சான வேடம் நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. 8.5 ஆனால் நூற்றுக்கு 20. அமோனியாவின் மொத்த அளவு ஒரு துளியும் கூடவில்லை, நஞ்சு இருபத்தைந்து மடங்காகிவிட்டது. வீடுகளின் மலசலக் கழிவிலிருந்து அமோனியா வருகிறது. சாயத் தொட்டியிலிருந்து காரம் வருகிறது. இருவரும் நியமத்துக்குள்தான். சந்திக்கும் இடம் உங்கள் ஒழுங்கைக்குப் பின்னால்.

இதைச் சொன்னதும் எல்லாக் கலவையும் இப்படிப் பல்கிப் பெருகும் என்று பயந்துவிடாதீர்கள். ஒன்றையொன்று பெருக்கிவிடும் கலவைகள் உண்மையில் குறைவு. 2014இல் வந்த ஒரு தொகுப்பாய்வில், இரண்டிரண்டாகச் சேர்த்துப் பார்த்த பூச்சிகொல்லிக் கலவைகளில் 7 சதவீதமும், உலோகக் கலவைகளில் 3 சதவீதமும்தான் அப்படி நடந்தன. கப்பலடியில் பாசி பிடிக்காமல் பூசும் பொருட்களில் மட்டும் 26 சதவீதம். பெரும்பாலானவை சும்மா கூட்டிக்கொண்டு போகின்றன. அதனால்தான் அந்த எளிய கூட்டல் கணக்கு இன்றும் முதல் சல்லடையாக நிற்கிறது. பெருகும்போது ஏன் பெருகுகிறது என்பதற்கு உங்கள் அலுமாரியிலேயே உதாரணம் இருக்கலாம். நுளம்புக்கு அடிக்கும் பல ஸ்பிரேக்களில் பைப்பரோனைல் பியூட்டொக்சைட் என்று ஒன்று சேர்த்திருப்பார்கள். அது தானாக நுளம்பைக் கொல்வதற்கென்று போட்டதல்ல. நஞ்சை உடைத்து வெளியேற்றும் நுளம்பின் நொதியத்தை அது முடக்கிவிடும். பிறகு சிறு நஞ்சே போதும். வேண்டுமென்றே நாம் செய்யும் அதே காரியம், வாய்க்காலில் யாரும் கேளாமலே நடக்கக்கூடும்.

சரி, அப்படியானால் இன்னும் கூடுதலான பொருட்களைச் சோதிக்கலாமே என்று கேட்பீர்கள். காசும் காலமும் போதாது. உலகச் சந்தைகளில் பதிவான இரசாயனங்களும் கலவைகளும் 3,50,000க்கு மேல். வெறும் 20 பொருட்களை எடுத்து அவை சேரக்கூடிய எல்லா விதத்தையும் எண்ணினால் பத்து இலட்சத்தைத் தாண்டும். போதாததற்கு, தண்ணீரில் போன பொருள் போன மாதிரியே இருப்பதுமில்லை.

அமெரிக்காவின் சியாட்டில் பக்கத்தில் நடந்த கதை உங்கள் கதைதான். மழை பெய்தால் ஓடைகளில் கோஹோ சால்மன் மீன்கள் முட்டையிடும் முன்பே செத்தன. பல வருடம் இப்படி. உலோகம் பார்த்தார்கள், பூச்சிகொல்லி பார்த்தார்கள், எதுவும் மீனைக் கொல்லும் அளவில் இல்லை. கடைசியில் வழியைத் திருப்பிப் போட்டார்கள். பட்டியலை வைத்துக்கொண்டு நஞ்சைத் தேடாமல், மீனைக் கொல்லும் தண்ணீரை எடுத்து, பங்கு பங்காகப் பிரித்து, ஒவ்வொரு பங்கிலும் மீனை விட்டுப் பார்த்தார்கள். கொல்லும் பங்கை மறுபடி பிரித்தார்கள். ஆயிரக்கணக்கான பொருட்களிலிருந்து இப்படி இறங்கி இறங்கி, 2020இன் கடைசியில் ஒன்றைப் பிடித்தார்கள். வாகன டயரின் ரப்பரில் கீறல் விழாமல் இருக்கச் சேர்க்கும் 6-பி.பி.டி. என்ற பொருள், காற்றிலுள்ள ஓசோனோடு சேர்ந்து குயினோன் என்ற வகைப் பொருளாக மாறிப்போனது. யாருடைய பட்டியலிலும் அது இருந்ததில்லை. டயர் தூளாக வீதியில் கிடந்து, மழையோடு ஓடைக்குப் போயிருக்கிறது.

நம் கடலிலும் பார்த்தோம். எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் 2021 மே 20ஆம் திகதி தீப்பிடித்தபோது அதில் 1,486 கொள்கலன்கள்; 81இல் ஆபத்தான பொருட்கள், 25 தொன் நைத்திரிக் அமிலம் உட்பட. ஏற்றிய பொருளுக்கு எல்லாம் பட்டியல் இருந்தது. எரிந்து, உருகி, உப்புநீரில் சேர்ந்து கரையில் ஒதுங்கிய அந்தக் கறுத்த பிளாஸ்டிக் கட்டிகளுக்கு எந்தப் பட்டியலும் இல்லை.

ஆகவே என் தொழிலில் நான் முதலில் நம்புவது, தண்ணீரைப் பிரிக்காமல் அப்படியே ஓர் உயிரிடம் கொடுத்துக் கேட்பதை. பாசியை 72 மணித்தியாலம், நீர்த்தெள்ளை 48 மணித்தியாலம், வரிக்குதிரை மீனின் முட்டையைச் சில நாள் அந்த நீரில் வைத்துப் பார்ப்பார்கள். மூன்று வகை உயிர் எதற்கென்றால், ஒன்றுக்குத் தெரியாதது மற்றதுக்குத் தெரியும். ஜெர்மனியில் கழிவுநீருக்கு அறவிடும் கட்டணத்திலேயே மீன்முட்டைச் சோதனை 2005இலிருந்து சேர்ந்திருக்கிறது. நம் நாட்டு உரிம நிபந்தனைகளிலும் இது வந்தாக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

எனக்குப் பிடித்த சோதனை சின்ன வெங்காயம். 1938இலிருந்து இருக்கும் முறை. களனிப் பல்கலைக்கழகத்தில் இங்குள்ள தொழிற்சாலைக் கழிவுநீரை இதே வெங்காய வேரில் சோதித்து ஆய்வு வெளியிட்டிருக்கிறார்கள். முன்பு ஒரு தடவை, எல்லாம் நியமத்துக்குள் இருந்த ஒரு சாயக் கழிவை நான் இப்படி வைத்துப் பார்த்தேன். நல்ல நீரில் வைத்த வெங்காயத்தில் ஐந்தாம் நாள் வேர் விரல் நீளத்துக்குத் தாடி மாதிரி, வெள்ளை வெளேரென்று தொங்கிற்று. கழிவுநீரில் வைத்ததில் வேர் நகத்தளவு வந்து நின்றுவிட்டது. நுனி பழுப்பேறி, தூண்டில் முள் மாதிரி மேல்நோக்கி வளைந்திருந்தது. தொட்டால் வழுவழுவென்று கையோடு வந்தது. அந்த இரண்டு போத்தலையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோது, அதுவரை எண்களைக் காட்டி வாதாடிக்கொண்டிருந்த முகாமையாளர் ஒன்றும் பேசாமல் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குனிந்து பார்த்தார்.

நீங்களும் செய்யலாம். ஒரே அளவான வெங்காயம், ஒவ்வொரு நீருக்கும் ஐந்தாறு. காய்ந்த தோலையும் பழைய வேரையும் அடித்தட்டு காயப்படாமல் சுரண்டி எடுங்கள். சிறு போத்தல் வாயில் அடிப்பாகம் மட்டும் நீரில் படும்படி உட்கார வைத்து, வெளிச்சம் குறைந்த இடத்தில் ஐந்து நாள் விடுங்கள். ஒப்பிட ஒரு வரிசைக்குக் குழாய்நீர். அதை முதல்நாளே திறந்த பாத்திரத்தில் வைத்தால் குளோரின் போய்விடும். வாய்க்கால் நீரை முழுதாக ஒரு வரிசை, பாதிக்குப் பாதி கலந்து ஒரு வரிசை, எட்டில் ஒன்றாகக் கலந்து ஒரு வரிசை. எட்டில் ஒன்றிலும் வேர் குறுகினால் எனக்கு உடனே எழுதுங்கள். நீரைத் தினமும் மாற்றுங்கள், கையுறை போடுங்கள், பழைய மாணவர்கள் யாரையாவது கூட்டிக்கொள்ளுங்கள். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: வெங்காயத்துக்கு நரம்பில்லை. நரம்பைத் தாக்கும் பூச்சிகொல்லி இருந்தால் வெங்காயம் நன்றாக வளரும், நீர்த்தெள்ளுதான் துடிக்கும். ஆகவே வேர் நன்றாக வந்துவிட்டது என்பதால் நீர் நல்லது என்று முடிவு கட்டக்கூடாது.

இத்தனையும் சொன்ன பிறகு, மீன் செத்ததற்கு நஞ்சுதான் காரணம் என்று நான் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. மழைக்குப் பின் மீன் செத்தால் நான் முதலில் சந்தேகிப்பது ஒட்சிசனை. மழைநீர் அடியிலுள்ள கறுப்புச் சேற்றைக் கிளறிவிடும்; அது அழுகும்போது ஒட்சிசனைத் தின்றுவிடும்; விடியற்காலையில் அளவு மிகக் குறைவாக இருக்கும். அப்படியென்றால் பெரிய மீன்கள் முதலில் சாகும், சின்னவை மேல்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடித் தப்பப் பார்க்கும். விரால், பனையேறி, வாய்க்காலெங்கும் பெருகிவிட்ட அந்த டாங்க் கிளீனர் மீன் எல்லாம் வெளிக்காற்றைச் சுவாசிப்பவை, அவை பிழைத்துக்கொள்ளும். பெரியது சிறியது பாராமல், விராலும் டாங்க் கிளீனரும் சேர்ந்து மிதந்தால் நஞ்சின் பக்கம் சந்தேகம் திரும்பும். உங்கள் படத்தில் மிதப்பது எல்லாம் பெரிய திலாப்பியாவாகத் தெரிகிறது. மற்றவை படத்துக்குள் விழவில்லையா, சாகவே இல்லையா? அடுத்த தடவை கரையோரமாக நடந்து, எது செத்திருக்கிறது, எது உயிரோடு இருக்கிறது என்று இரண்டையும் எழுதுங்கள்.

மாதிரி எடுப்பதும் அப்போதே. மழை தொடங்கிய முதல் ஒரு மணித்தியாலத்துக்குள் ஒன்று, மறுநாள் விடியுமுன் ஒன்று. ஒட்சிசனையும் பி.எச்.ஐயும் கரையில் நின்றே அளக்க வேண்டும், ஆய்வுகூடம் போய்ச் சேர்வதற்குள் மாறிவிடும். மாதிரியை ஐஸ் பெட்டியில் கொண்டுபோங்கள். சாய இடத்துக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று எடுத்தால்தான் யாரிடமிருந்து என்ன வருகிறது என்று தெரியும். அறிக்கையில் 'கண்டறியப்படவில்லை' என்று வந்தால், எந்த அளவு வரை அவர்களின் கருவியால் காண முடியும் என்று கேட்டு எழுதி வாங்குங்கள். உங்கள் அறிக்கையில் காட்மியத்துக்கு அப்படி வந்திருக்கிறது, கீழெல்லை போடவில்லை. மங்கலான கண்ணாடியோடு தேடிவிட்டு ஊசி இல்லை என்று சொன்னாலும் அப்படித்தான் எழுதுவார்கள்.

2016இன் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி, அந்த இடங்களுக்குச் சுற்றாடல் பாதுகாப்பு உரிமம் உண்டா, அதன் நிபந்தனைகள் என்ன, கடைசியாக எப்போது சோதித்தார்கள் என்று தமிழிலேயே எழுதிக் கேட்கலாம். 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். பெரிய தொழில்களுக்கு மத்திய சுற்றாடல் அதிகார சபை, சிறியவற்றுக்கு உள்ளூராட்சி சபை. இரண்டுக்கும் ஒரே நாளில் அனுப்பிவிடுங்கள், ஒருவர் மற்றவரைக் காட்டாமல் இருக்கட்டும்.

பிள்ளைகள் விஷயத்தில் எனக்கு இரசாயனத்தைவிட முதலில் பயம் எலிக்காய்ச்சல். மழைக்குப் பின் அந்த நீரில் கால் வைக்க விடவே வேண்டாம், காலில் புண் இருந்தால் கரைப் பக்கமே வேண்டாம். காய்ச்சல் வந்தால் வைத்தியரிடம் வாய்க்கால் விஷயத்தைச் சொல்லுங்கள். உங்கள் குழாய்நீர் பற்றிக் கடிதத்தில் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். கொழும்புக்கான களனி நீரை அம்பத்தலையில், உங்களுக்கு மேலேதான் எடுக்கிறார்கள். உங்கள் வாய்க்கால் அதற்குக் கீழே முகத்துவாரப் பக்கம் போய்ச் சேர்கிறது, ஆகவே அந்தக் கவலை வேண்டாம்.

கங்குங் விஷயத்தில் தயக்கமே இல்லை. அது சேற்றிலிருந்து உலோகத்தை உறிஞ்சித் தண்டிலும் இலையிலும் சேர்த்து வைக்கும் செடி, கழுவினாலும் அவித்தாலும் போகாது. பிடுங்கிச் சமைப்பவர்கள் ஏன் அங்கே பிடுங்குகிறார்கள் என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். சந்தையில் ஒரு கட்டு வாங்கக் காசில்லாத வீடாக இருந்தால், ஒழுங்கையில் காசு சேர்த்த அதே கைகள் அதற்கும் ஒரு வழி பார்க்கட்டும். வெங்காயச் சோதனை முடியும்வரை காத்திருக்காமல், அந்த வீட்டாரிடம் இன்றைக்கே போய்ச் சொல்லுங்கள் டீச்சர்.